வால்வும் களிமண்ணும்



மோட்டார்ப் பட்டறை நடத்திவரும் என் பழைய மாணவர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். அவர் பந்தயக் காரொன்றின் எஞ்சினைத் திறந்து, பிஸ்டனின் தலையில் சிறிது களிமண்ணை அப்பிக்கொண்டிருந்தார். இரும்புக்குள் களிமண்ணுக்கு என்ன வேலை என்று வினவினேன். அவர் தந்த விடையே இன்றைய பேச்சின் பொருள்.

எஞ்சினுக்கு மூச்சு வழி வால்வு. அதனைத் திறப்பது கேம்ஷாப்ட் என்னும் தண்டு. அத்தண்டிலுள்ள முட்டை வடிவான மேடுகள் சுழலுங்கால் வால்வுகளைத் தள்ளித் திறக்கின்றன. சுருள்வில் அவற்றை மீண்டும் மூடுகின்றது. எஞ்சின் நிமிடத்திற்கு 6000 முறை சுழன்றால், கேம்ஷாப்ட் அதில் பாதியே சுழலும். ஆயினும், ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 50 முறை திறந்து மூடவேண்டும்!

மேட்டை உயர்த்தினால் வால்வு மிகுதியாக எழும், காற்று மிகுதியாகப் புகும், ஆற்றல் பெருகும். ஆனால் இதற்கும் ஓர் எல்லையுண்டு. வால்வின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அது 10 மில்லிமீட்டர் எழும்பொழுது, விளிம்பைச் சுற்றி உண்டாகும் வழியின் பரப்பு ஏறத்தாழ 1257 சதுர மில்லிமீட்டர். வால்வு வட்டத்தின் பரப்பும் அதுவே. அதற்குமேல் எழுப்புவதால் வரும் பயன் குறையத் தொடங்கும்.

இடர்களோ குறைவதில்லை. வேகம் இருமடங்கானால் வால்வைக் கட்டுப்படுத்தும் விசை நான்கு மடங்கு வேண்டும். பழைய சுருள்வில் அதற்கு ஆற்றாது. அன்றியும், எழுச்சி மிகின் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். வால்வு பிஸ்டனையே மோதவும் கூடும். ஆகவேதான் களிமண்: எஞ்சினை மீண்டும் பூட்டிக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றித் திறந்தால், நசுங்கிய களிமண்ணின் கனமே எஞ்சிய இடைவெளியைக் காட்டிவிடும்.

மேலும், இத்தகைய கேம்ஷாப்ட்டுகள் பெரும்பாலும் வால்வை நெடுநேரம் திறந்து வைப்பன. விரைவில் நன்மை தருவது மெல்லோட்டத்தில் தடுமாற்றமாகிவிடும். 1989இல் ஹோண்டா நிறுவனத்தார் இன்டெக்ரா காரில் இதற்கு ஒரு வழி கண்டனர். ஒரே தண்டில் இருவகை மேடுகளை அமைத்து, வேகம் மிகும்பொழுது எண்ணெய் அழுத்தத்தால் உயர்ந்த மேட்டிற்கு மாறச் செய்தனர். 1.6 லிட்டர் எஞ்சின் 7600 சுற்றில் 160 குதிரைத்திறன் அளித்தது.

"முதல் முறை அளக்காமல் பூட்டினேன், ஐயா, வால்வுகள் வளைந்து போயின. அந்த ஆண்டின் சேமிப்பெல்லாம் அதிலேயே போயிற்று" என்றார் அவர்.

வட்டத்தின் சுற்றளவையும் பரப்பையும் கரும்பலகையில் அவருக்குக் கற்பித்தவன் நான். அவை எங்கே பயன்படும் என்று அன்று நான் சொல்லவில்லை. அந்தக் குறையை இன்று உங்களிடம் தீர்த்துக்கொள்கிறேன். ஒன்றைப் பெருக்குமுன், அதற்கு இடமுண்டா என்று அளந்து பாருங்கள்.