காணாமற்போன பெண்கள் எங்கே?

(திருப்பாதிரிப்புலியூர் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "காணாமற்போன பெண்கள்" என்பதாகும். துண்டு நோட்டீசில் இதைப் பார்த்துவிட்டு ஏதோ துப்பறியும் கதை நடக்கப் போகின்றது என்று எண்ணி வந்தவர்களும் உங்களில் சிலர் இருக்கக்கூடும். அவர்களும் ஏமாந்து போக வேண்டியதில்லை. இதுவும் துப்பறியும் வேலைதான். ஆனால் காணாமற்போனது ஒருத்தியோ இருவரோ அல்ல, ஆயிரக்கணக்கான பேர். களவு போனதாக யாரும் புகார் கொடுக்கவில்லை. தேடிக் கொண்டும் யாரும் புறப்படவில்லை. இப்படி ஒரு வழக்கை எந்தத் துப்பறியும் நாவல்காரனும் எழுதத் துணிந்திருக்க மாட்டான்.

நம் கிராமங்களில் ஒரு வயது வந்த பெண் திடீரென்று இல்லாமற்போனால் என்ன சொல்லி வந்தார்கள்? முனி அடித்துவிட்டது என்றார்கள். காட்டேரி கொண்டு போய்விட்டது என்றார்கள். ஏரிக்கரையில் உச்சி வேளையில் போனாள், மோகினி பிடித்துக் கொண்டது என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால், செத்தவள் சும்மா இருக்கவில்லை, பூசை கேட்கின்றாள் என்று கோடாங்கிக்காரன் சொல்லுவான். உடனே ஒரு கல்லையோ கலசத்தையோ வைத்து, மஞ்சள் பூசி, பூச்சூட்டி, புதுப்புடவை சாத்திப் பூவாடைக்காரி என்றும் கன்னி என்றும் கும்பிட்டுவிடுவார்கள். இந்தத் தென்னாற்காட்டுப் பக்கத்தில் அப்படிக் கும்பிடாத குடும்பம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். உயிரோடிருந்த வரைக்கும் கிழிசலைக் கட்டிக் கொண்டிருந்தவளுக்குச் செத்த பிறகுதான் புதுப்புடவை!

எல்லாக் கல்லும் கொலையை மூடிய கல் என்று நாம் சொல்ல வரவில்லை. அம்மையிலும் வாந்திபேதியிலும் பிரசவத்திலும் செத்தவர்களும் அதில் உண்டு. ஆனால் நோயில் செத்தவள் எவள், கிணற்றில் தள்ளப்பட்டவள் எவள், கீழ்ஜாதிப் பையனோடு பேசினாள் என்பதற்காக அண்ணன் தம்பிகளால் தீர்க்கப்பட்டவள் எவள் என்று பிரித்தறிய முடியாதபடி செய்துவிட்டதே அந்தக் கல்தான். சாமி என்று ஆக்கிவிட்ட பிறகு எப்படிச் செத்தாள் என்று எவன் கேட்பான்? கேட்டால் சாமி குற்றம் வந்துவிடுமே! ஆகவே நம் நாட்டில் துப்புத் துலங்காத வழக்குகளுக்கெல்லாம் முதல் காரணம் போலீசாரின் சோம்பலென்று சொல்லுவதற்கு முன், கேள்வியையே கும்பிட்டு அடக்கிவிடும் நம்முடைய பக்தி என்று சொல்ல வேண்டியிருக்கின்றது.

நிற்க. பெயரும் இல்லாமல், கல்லும் இல்லாமல் காணாமற்போனவர்களின் கணக்குக்கு வருவோம்.

இயற்கையில் 100 பெண் குழந்தைகள் பிறந்தால் ஏறக்குறைய 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. இது எல்லாத் தேசத்துக்கும் பொதுவான கணக்கு. அதாவது 1,000 ஆணுக்குப் பெண் 950-க்குக் கொஞ்சம் கூடவே இருக்க வேண்டும். பிறந்த பிறகு சீக்காளியாகிச் சாவதில் ஆண் குழந்தை கொஞ்சம் அதிகமாதலால், இரண்டையும் ஒன்றுபோல் வளர்த்தால் 6 வயதுக்குள் இந்தத் தொகை இன்னும் ஏறுமே தவிர இறங்காது. இப்போது சர்க்கார் ஜனக்கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 6 வயது வரையுள்ள குழந்தைகளில் 1,000 ஆணுக்கு 1981ல் 967 பெண்கள் இருந்தார்கள். 1991ல் 948 ஆயிற்று. 2001ல் 942. அந்த 1991ல் சேலம் ஜில்லாவில் மாத்திரம் 849! நூறு பெண் குழந்தைகள் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் குறைகின்றன. எங்கே போனார்கள்? எந்த முனி அடித்தது?

எங்கே போனார்கள் என்பது சிலருக்குத் தெரிந்தே இருந்தது. 1986ல் ஒரு ஆங்கிலப் பத்திரிகை உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த பெண் சிசுக்களைக் கொல்லும் வழக்கத்தைப் பற்றி விரிவாக எழுதிய பிறகு நாடே அதிர்ச்சியடைந்ததாகச் சொல்லிக் கொண்டது. கொன்றவர்கள் கொள்ளைக்காரர்களல்ல. பாட்டியும் அத்தையும், சில வேளை பெற்றவளுந்தான். வீட்டுக்குள்ளேயே பிறந்து, வீட்டுக்குள்ளேயே முடிந்து, கொல்லைப்புறத்திலேயே புதைபட்டுப் போயிற்று. பிறப்பும் எழுதப்படவில்லை, இறப்பும் எழுதப்படவில்லை. எழுதப்படாத குழந்தைக்குக் கொலை வழக்கு ஏது? கோர்ட்டுக்கு வந்தவை கைவிரல் விட்டு எண்ணக்கூடியவையே. அப்படி வந்தபோதும் கூண்டில் நின்றது பச்சை உடம்புக்காரியாகிய தாய்தானே தவிர, "பெண்ணென்றால் வீட்டுக்கு வராதே" என்று சொல்லி அனுப்பிய புருஷனல்ல.

அப்போது மற்ற ஜாதியார் என்ன செய்தார்கள் தெரியுமா? அது அந்த ஒரு ஜாதியின் காட்டுமிராண்டிப் பழக்கம் என்று சொல்லிவிட்டுத் தாங்கள் யோக்கியர்கள்போல் நடந்து கொண்டார்கள். சேலமும் தர்மபுரியும் வந்து அந்தப் பெருமையை உடைத்தன. வடநாட்டிலோ இது உயர்ஜாதி வழக்கம். 1789ல் காசிக்கருகில் ராஜபுத்திர வகுப்பொன்றில் பெண் சிசுக்களைக் கொன்று வந்ததை வெள்ளைக்கார அதிகாரி ஜோனாதன் டங்கன் என்பவர் கண்டு எழுதினார். 1795ல் அது கொலையே என்று சட்டம் செய்தார்கள். போதாமல் 1870ல் தனிச்சட்டமே கொண்டு வர வேண்டியிருந்தது. வீரமும் குலப்பெருமையும் பேசிய ஜாதிகளின் வீரமெல்லாம் தொப்புள்கொடி அறுக்காத சிசுவின் மேல்தான் பாய்ந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். மேலே சொன்னதையெல்லாம் கேட்டுக் கொண்டிருக்கும்போது உங்களில் பலர், "அது சேலத்துக்காரன் சங்கதி, உசிலம்பட்டிக்காரன் சங்கதி" என்று நினைத்துக் கொண்டிருந்திருப்பீர்கள். கடலூர் ஜில்லாவில் 2001ல் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 957 பெண்கள் இருந்தார்கள். ஏறக்குறைய இயற்கைக் கணக்கு. குற்றம் சொல்ல இடமில்லை. பத்தே வருஷம் கழித்து 2011ல் 896! தமிழ்நாடு முழுவதிலும் கடைசி. அடுத்தது பக்கத்து அரியலூர், 897. அதே பத்து வருஷத்தில் சேலம் 851-லிருந்து 916-க்கு ஏறியது. அவர்கள் ஏறி வந்த படியில் நாம் இறங்கிப் போனோம். 2021ல் எடுத்திருக்க வேண்டிய ஜனக்கணக்கு அந்த வருஷம் எடுக்கப்படவில்லை. எனவே 2011-ஐத்தான் பேச வேண்டியிருக்கின்றது. அன்று கணக்கிலிருந்த குழந்தைகள் இன்று கலியாண வயதை நெருங்குகின்றார்கள். பையனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்று புரோக்கரிடம் அலைகின்றவர்கள், பெண் எங்கே போனாள் என்று தங்கள் வீட்டாரையே கேட்கட்டும்.

இங்கே எருக்கம்பாலும் இல்லை, நெல்மணியும் இல்லை. யந்திரம் வந்துவிட்டது. வயிற்றிலிருக்கும் பிள்ளை நலமாயிருக்கின்றதா என்று பார்ப்பதற்காக விஞ்ஞானிகள் கண்டுபிடித்த கருவியை, பெண்ணா என்று பார்த்துக் கலைப்பதற்குப் பயன்படுத்தினார்கள். 1994ல் இதைத் தடுக்கச் சட்டம் செய்தார்கள். ஆணா பெண்ணா என்று சொன்னால் மூன்று வருஷம் வரை ஜெயில் என்று அதில் எழுதியிருக்கின்றது. அப்படியும், கையில் தூக்கிக் கொண்டு போகும் ஸ்கேன் கருவியோடு யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்த்துச் சொன்னதாகவும், டாக்டருக்குப் படிக்காதவர்கள் கலைக்கப் போய்த் தாயே செத்ததாகவும் பத்திரிகைகளில் படித்தவர்கள் நீங்கள்.

யந்திரத்தைத் திட்டி என்ன பயன்? யந்திரத்துக்கு ஆணும் ஒன்று, பெண்ணும் ஒன்று. அதன் முன்னால் போய்ப் படுக்க வைத்தவன் மூளையில் என்ன இருந்தது என்பதே கேள்வி. அங்கே மனுதர்ம சாஸ்திரம் இருந்தது. "புத்" என்னும் நரகத்திலிருந்து தகப்பனைக் காப்பாற்றுகின்றவன் ஆதலால் புத்திரன் என்று அதன் 9-வது அத்தியாயத்தில் சொல்லியிருக்கின்றது. அந்த நரகத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொன்னவன் யார் என்று 2,000 வருஷமாக ஒருவனும் கேட்கவில்லை. கர்ப்பமான மூன்றாம் மாதத்தில் ஆண் பிறக்க வேண்டுமென்பதற்காகவே பும்சவனம் என்று ஒரு சடங்கு வைத்திருக்கின்றார்கள். பெண் பிறக்க வேண்டுமென்று ஒரு சடங்கு உண்டா? புரோகிதர் மந்திரத்தால் செய்வதாகச் சொன்ன வேலையை யந்திரம் நிஜமாகவே செய்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"இவள் பெண்ணாகவே பெறுகின்றாள்" என்று மருமகளை அடிக்கும் மாமியார்மார்களுக்கு ஒரு சேதி. 1905ல் அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற ஒரு பெண், மாவில் வளரும் புழுவண்டை வைத்துச் சோதித்து, பிறப்பது ஆணா பெண்ணா என்பது ஆணின் விந்தணுவால்தான் தீர்மானிக்கப்படுகின்றது என்று கண்டுபிடித்தார். தாயிடம் இருப்பது எக்ஸ் ஒன்றுதான். எக்ஸோ ஒய்யோ கொடுக்கின்றவன் தகப்பன். ஆகவே பெண்ணாகப் பிறந்ததற்கு ஒருவரை அடித்தே தீருவது என்றால் யாரை அடிக்க வேண்டுமென்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள். (சிரிப்பு)

ஜோசியம் பெண்ணை என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். நம்முடைய பிரபவ, விபவபோல் அங்கும் 60 வருஷச் சக்கரம் உண்டு. அதில் "நெருப்புக் குதிரை" வருஷத்தில் பிறந்த பெண் புருஷனைத் தின்றுவிடுவாள் என்று ஒரு மூடநம்பிக்கை. 1965ல் அங்கு பிறந்த குழந்தைகள் 18 இலட்சத்துக்கு மேல். அந்தக் குதிரை வருஷமாகிய 1966ல் 13 இலட்சத்து 60 ஆயிரம். மறு வருஷம் 19 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ரயிலும் ரேடியோவும் செய்து உலகுக்கு விற்ற தேசத்தில் கால்வாசிக் குழந்தைகளைப் பஞ்சாங்கம் தின்றது! கொரியாவிலும் 1990 ஒரு குதிரை வருஷம். அந்த வருஷம் 100 பெண்ணுக்கு 116 ஆண் என்று போயிற்று. நம் ஊரில் மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாது, கேட்டை என்றால் மூத்தாருக்கு ஆகாது, ஆயில்யம் என்றால் மாமியாருக்கு ஆகாது. ஆணின் நட்சத்திரம் மாமனாரைக் கொன்றதாக எந்த ஜோசியனாவது சொல்லியிருக்கின்றானா?

ஆனால் அதே தென் கொரியா திருந்திற்று என்பதையும் சொல்ல வேண்டும். 2007-க்குள் அங்கு கணக்கு இயற்கைக்குத் திரும்பிவிட்டது. தெய்வம் வந்து திருத்தவில்லை. பெண்கள் படித்துச் சம்பாதித்தார்கள். ஆண்பிள்ளையே குடும்பத் தலைவன் என்ற சட்டத்தை 2005ல் மாற்றி 2008ல் அடியோடு எடுத்துவிட்டார்கள். இதைத்தான் 1929ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டும் என்று தீர்மானித்தது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 60 வருஷம், அதாவது 1989 வரை பிடித்தது. இந்தியா முழுமைக்கும் 2005. சட்டம் வந்துவிட்டது, சரி. இந்தக் கூட்டத்தில் தங்கைக்குப் பங்கு எழுதிக் கொடுத்தவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டால் எத்தனை கை எழும்? நம் தோழர்களையே சொல்லுகின்றோம். கறுப்புச் சட்டையும் போட்டு, புரோகிதனில்லாமல் கலியாணமும் செய்து, மோட்டார் சைக்கிளையும் 30 பவுனையும் வாங்கிக் கொள்ளுகின்றவர் வைதீகரை விட எந்த விதத்தில் மேல்? வைதீகர் நரகத்துக்குப் பயந்து செய்கின்றார். இவர் எதற்குப் பயந்து செய்கின்றார்? இப்படிச் சொல்லுவதற்காக நம் பேரில் வருத்தப்படுவோர் படட்டும். 1944ல் இதே கடலூரில் பெரியார் மீது செருப்பை வீசினார்கள். அதற்கு நின்று பதில் சொன்ன இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகின்றோம். கலைக்கக்கூடாது என்கின்றீர்களே, பிள்ளைப்பேற்றைத் தடுக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டென்று குடி அரசு எழுதியதே என்று ஒரு தோழர் கேட்டார். எழுதியது உண்மை. இன்றும் சொல்லுகின்றோம். பெற வேண்டுமா வேண்டாமா என்பது அவள் உடம்பு, அவள் இஷ்டம். ஆனால் அவள் இஷ்டத்தைக் கேட்காமல், பெண் என்பதற்காக மற்றவர்கள் பிடித்துக் கொண்டு போய்க் கலைப்பது அவளுக்கு உரிமை கொடுத்ததாகாது. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புகின்றவர்கள் அவளை முதலிலும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

சர்க்கார் 1992ல் சேலத்தில் தொட்டில் வைத்தது. வேண்டாத பெண்ணைக் கொல்லாமல் இதில் போட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். 2011ல் கடலூருக்கும் அந்தத் தொட்டில் வந்தது. பிழைத்த உயிர் பிழைத்ததுதான். அதைக் கேலி செய்ய மாட்டோம். ஆனால் தொட்டில் வைக்க வேண்டிய ஜில்லா என்று பேர் வாங்கியது நமக்குக் கௌரவமா?

இவ்வூருக்கு ஒரு புராணம் இருக்கின்றது. சொக்கட்டான் ஆட்டத்தில் வழக்கு வந்து அம்மை ஐயன் கண்ணைப் பொத்தினாளாம். அதற்காக வீட்டை விட்டு வந்து இங்கே பாதிரி மரத்தடியில் தனியே தவம் கிடந்தாளாம். இன்னொன்று, கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் அந்தக் கல்லையே தெப்பமாக்கி மிதந்து இங்கே கரையேறினாராம். அதற்குக் கரையேறவிட்டகுப்பம் என்று பெயரும் வைத்து விழாவும் செய்கின்றீர்கள். ஒரு பெரியவரைக் கல்லோடு மிதக்க வைத்த சாமி, இந்த ஜில்லாக் கிணறுகளில் விழுந்த பெண்களில் ஒருத்தியையாவது கல் இல்லாமலே மிதக்க வைத்ததா என்று விழாக் கமிட்டியாரைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேலை கொடுக்கின்றோம். உங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் போய் 6 வயதுக்குட்பட்ட ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கேட்டு எழுதுங்கள். பெயர் வேண்டாம், தொகை போதும். ஒரு சிற்றூரில் 20 குழந்தைகளில் 12 ஆண், 8 பெண் என்றிருந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். அதைக் கொண்டு எந்த வீட்டையும் குற்றம் சொல்லிவிடாதீர்கள். 20, 30 ஊர்க் கணக்கைச் சேர்த்த பிறகுதான் உண்மை முகம் காட்டும். விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கத்துத் தோழர்கள் முதலில் அனுப்பட்டும். வந்த கணக்கைக் கூட்டிப் பத்திரிகையில் வெளியிடுவோம்.

கேள்வி கேட்க விரும்புகின்றவர்கள் துண்டுச் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுத்தால் பதில் சொல்லக் காத்திருக்கின்றோம். தாய்மார்கள் எழுதுகின்ற சீட்டை முதலில் படிக்கும்படி தலைவரவர்களைக் கேட்டுக் கொள்ளுகின்றோம்.