48 மணி நேரத்துக்குப் பிறகு



சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 டிசம்பர் 4 அன்று கான்பராவில் இந்தியாவுக்காக முதல் டி20 ஆட்டம் ஆடினார். அவர் எடுத்த மூன்று விக்கெட் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். தலைக்காயம் பற்றிய இந்தக் கருத்தரங்குக்கு வேண்டியது அதே ஆட்டத்தில் நடந்த வேறொன்று. கடைசி ஓவரில் ஸ்டார்க் வீசிய பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. அடுத்த இன்னிங்ஸில் அவருக்குப் பதில் சஹல் இறங்கி, மூன்று விக்கெட் எடுத்து ஆட்டநாயகனும் ஆனார். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் லாங்கர் நடுவரிடம் போய் வாதாடிப் பார்த்தார், பலிக்கவில்லை. தலையில் அடிபட்டவருக்கு மாற்று ஆள் இறங்கலாம் என்ற விதி 2019 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது.

நாமக்கல் லாரி டிரைவருக்கு அப்படி மாற்று ஆள் கிடையாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வடநாடு போகும் ஆளுக்கும் கிடையாது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன்வண்டியில் மோதி, மண்டை இடித்து, சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஸ்கேன் எடுப்பார்கள். 'நார்மல்' என்று வந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். அது சரியான மருத்துவம்தான். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. இந்த அவை கூடியிருப்பது 49-ஆவது மணியிலிருந்து நடப்பதைப் பேச.

பெரும்பாலோருக்குச் சில நாளில், சில வாரத்தில் சரியாகிவிடும். சிலருக்கு நான்கு வாரம் தாண்டியும் விடாது. குனிந்து நிமிர்ந்தால் கிறுகிறுப்பு. எதிர்வண்டி லைட் பட்டால் மண்டைக்குள் குத்தல். தூக்கமில்லை, சொன்னது மறக்கிறது, தொட்டதற்கெல்லாம் கோபம். ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் ஸ்கேனில் தெரியும். மூளை வேலை செய்யும் விதத்தில் வந்த கோளாறு தெரியாது. வீட்டிலோ, "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க, வண்டிக்குப் போக மனசில்லாம நடிக்கிறான்" என்கிறார்கள்.

அங்கிருந்து அந்த மனிதர் அலையத் தொடங்குகிறார். மருந்துக்கடை மாத்திரை, நெற்றியில் சுக்குப் பத்து, கோயில் திருநீறு, சித்த வைத்தியர், வர்மக்காரர், அக்குபங்சர். இவர்களைக் கேலி பேச இந்த மேடை போடவில்லை. ஆங்கில மருத்துவமும் இந்த விஷயத்தில் தடுமாறித்தான் வந்திருக்கிறது. விளக்கை அணைத்து இருட்டறையில் படுக்கச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. 2015-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், அடிபட்ட பிள்ளைகளில் ஐந்து நாள் கட்டாய ஓய்வில் வைக்கப்பட்டவர்கள்தாம் அதிகத் தொந்தரவு சொன்னார்கள். ஓரிரு நாள் ஓய்வெடுத்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஜான் லெட்டி குழு 2019-இல் இன்னும் ஒரு படி போனது. தொந்தரவு கூடாத அளவுக்கு நடை, சைக்கிள் என்று தினம் பழகிய இளைஞர்கள் 13 நாளில் தேறினார்கள். கைகால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது.

மாற்றுச் சிகிச்சைகளில் அழுத்த அறை ஆக்சிஜனும் ஒன்று. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தலையில் அடிபட்டுத் தொந்தரவு தீராத 72 ராணுவத்தினரை அமெரிக்காவில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அழுத்த அறையில் ஆக்சிஜன், 40 தடவை. இரண்டாவது குழுவுக்கு அதே அறை, அதே 40 தடவை, லேசான அழுத்தத்தில் வெறும் காற்று. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2015-இல் முடிவு வந்தபோது அறைக்குள் போன இரு குழுவுமே தேறியிருந்தன. ஆக்சிஜனுக்கும் வெறுங்காற்றுக்கும் வித்தியாசமில்லை. அந்த லேசான அழுத்தமே வேலை செய்திருக்கலாமே என்று வாதாடுவோர் உண்டு. வாதாடட்டும். தினமும் ஒருவர் அக்கறையோடு கவனித்து, ஒரு மணி நேரம் அமைதியாக இருக்க வைத்தால் அதற்கே ஒரு குணம் உண்டு என்பதுதான் நேரான விளக்கம். எண்ணெய் வைத்து நீவிவிடும் வைத்தியரிடம் நோயாளி "பரவாயில்லைங்க" என்று சொல்வதில் அந்த அக்கறையின் பங்கு எவ்வளவு, தைலத்தின் பங்கு எவ்வளவு? இந்தக் கேள்விக்குப் பயப்படாத வைத்தியரோடு உட்கார்ந்து பேசலாம். மேல்நாட்டு மருந்துக்கும் இதே கேள்விதான்: 2020-இல் பிள்ளைகளுக்கு மெலடோனின் கொடுத்துப் பார்த்தார்கள், போலி மாத்திரையைவிட மேலாக இல்லை.

கேலியைத் தாண்டி வந்த வைத்தியமும் உண்டு. தலையில் அடிபட்டால் உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்து, புரண்டு படுத்தாலே உலகம் சுற்றும். மருந்தே இல்லாமல், தலையை ஒரு வரிசைப்படி திருப்பிப் படுக்கவைத்தே துகளைப் பழைய இடத்துக்கு அனுப்பலாம் என்று காது மருத்துவர் ஜான் எப்லி சொன்னபோது சக மருத்துவர்கள் சிரித்தார்கள். 1992-இல் அவர் முறையை விரிவாக வெளியிட்டார். இன்று அது எல்லா ஊரிலும் பாடம். பார்ப்பதற்கு, சில நிமிடத்தில் முடிகிற மந்திரிப்பு போலத்தான் இருக்கும்.

ஆக, கிறுகிறுப்பு காதிலிருந்தா, கழுத்திலிருந்தா, ஒற்றைத் தலைவலியிலிருந்தா, தூக்கம் கெட்டதிலிருந்தா என்று பிரித்துப் பார்க்காமல் 'தலையில அடிபட்டவர்' என்ற ஒரே பெயரில் எல்லோருக்கும் ஒரே தைலம், ஒரே மாத்திரை கொடுப்பதில்தான் கோளாறு.

ஆபத்தானவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முடிவெட்டியபின் சலூனில் 'படக்' என்று கழுத்தைத் திருப்புவது, அடிபட்ட கழுத்துக்கு ஆகவே ஆகாது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழியக்கூடும். என்ன உலோகம், எவ்வளவு என்று சொல்லாத பஸ்பம் வேண்டாம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ என்று மாதக்கணக்கில் வலி மாத்திரை போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரக்கூடும். வயதானவருக்கு வாரங்கள் கழித்துத் தூக்கக் கலக்கமோ தடுமாற்றமோ வந்தால் வைத்தியம் மாற்றிக்கொண்டிராமல் ஸ்கேனுக்குத் திரும்பவும் போக வேண்டும். மெதுவாகக் கசிந்த ரத்தமாக இருக்கலாம்.

தமிழக அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவு ஒரே வளாகத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு சீட்டு, இங்கே ஒரு சீட்டு. இரண்டு நாள் விவாதத்திலிருந்து தலைமை எதிர்பார்ப்பது ஒரே ஒரு தாள்: தலைசுற்றல், தலைவலி, தூக்கம், நினைவு, மனநிலை ஆகிய ஐந்துக்கும் பூஜ்யம் முதல் ஆறு வரை மதிப்பெண் போட்டு, நோயாளி எந்த வாசலுக்குப் போனாலும் கையோடு எடுத்துப்போகிற தாள். டிரைவர்கள் வாசிக்கிற தமிழில் அது இருக்கட்டும். வண்டி ஓட்டத் திரும்பும் தேதி என்று ஒரு கட்டமும் வேண்டும். அதை நிரப்பப்போவது யார் என்பதில் சண்டை வரும், வரட்டும்.

முதல் அமர்வில் பிசியோதெரபிஸ்டுகள் காதையும் கழுத்தையும் சோதிக்கும் முறையைச் செய்து காட்டுகிறார்கள். சித்த மருத்துவர்கள் முன்வரிசைக்கு வரலாம்.