இழந்த சொல்லும் காந்த விசையும்



தாகங் கொண்ட ஒருவர் நீர் கேட்க வாய் திறக்கின்றார். எதிரே குவளை இருக்கின்றது. அஃது இன்னதென்பதை அவர் அறிவார். நாவிலும் தொண்டையிலும் குறையில்லை. ஆயினும் 'நீர்' என்னும் சொல் மட்டும் அகப்படவில்லை. பாரிசவாதத்தினால் மூளையின் ஒரு பகுதி பழுதுறும்போது பலருக்கு நேரும் துன்பம் இது. இதனை மொழியிழப்பு எனலாம்.

மொழிக்கு மூளையில் இடமுண்டு என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் போல் புரோக்கா என்னும் பிரெஞ்சு வைத்தியர். 1861 ஆம் ஆண்டில், எதைக் கேட்டாலும் 'தன்' என்ற ஓரசையையே பெரும்பாலும் விடையாகக் கூறிய நோயாளி ஒருவரை அவர் கண்டார். அந்நோயாளி இறந்தபின் மூளையை ஆராய்ந்தபோது, இடப் பாதியின் முன்பகுதியிலே சிதைவு காணப்பட்டது. 1874 இல் ஜேர்மனியரான கார்ல் வேர்ணிக்கே மற்றொரு வகையை விளக்கினார். இவ்வகையினர் தடையின்றிப் பேசுவர். ஆனால் பேச்சிற் பொருள் அமைவதில்லை. பிறர் கூறுவதும் அவர்க்கு நன்கு விளங்குவதில்லை.

இனி, காந்தத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு யாது? மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைப் பிறப்பிக்கும் என்று மைக்கேல் பரடே 1831 இல் கண்டறிந்தார். 1985 இல் இங்கிலாந்தின் செபீல்ட் நகரில் அந்தோனி பாக்கரும் அவர்தம் துணைவரும் அவ்வுண்மையை மூளையிற் பயன்படுத்தினர். தலையின்மேல் ஒரு கம்பிச்சுருளை வைத்து, அதனூடே கணப்பொழுது வலிய மின்னோட்டத்தைச் செலுத்தினர். காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து சென்று, மூளையிலே சிறு மின்னோட்டத்தை எழுப்பியது. உடலசைவை ஆளும் பகுதிக்கு மேலே சுருளை வைத்தபோது கை தானே அசைந்தது. கத்தியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை.

இம்முறையை மொழியிழப்புக்குக் கையாண்டோர், பழுதுற்ற இடப் பாதியைத் தூண்டியிருப்பர் என்றே நாம் நினைப்போம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மார்கரெட் நேசர் குழுவினர் செய்தது வேறு. இடப் பாதி தளர்ந்தபின் வலப் பாதியின் சில பகுதிகள் அளவுக்கு மீறி இயங்கி, எஞ்சிய ஆற்றலுக்கு இடையூறு செய்யக்கூடும் என்பது அவர்தம் கருத்து. வகுப்பிலே ஓங்கிப் பேசும் மாணவனைச் சற்று அமர்த்தினாலன்றோ, தயங்கும் மாணவனின் குரல் கேட்கும்? அவ்வாறே, செக்கனுக்கு ஒரு துடிப்பு என்னும் மெதுவான காந்தத் தூண்டல், வலப் பாதியின் அப்பகுதியை அடக்கப் பயன்பட்டது. நாளொன்றுக்கு 20 நிமிடமாக 10 நாட்கள் இச்சிகிச்சை நடைபெற்றது. படங்களைப் பார்த்துப் பெயர் கூறும் திறன் முன்னேறியதை 2005 இல் அவர்கள் வெளியிட்டனர். பாரிசவாதம் கண்டு பல்லாண்டு கழிந்தோரிடத்து இம்மாற்றம் தோன்றியதே வியப்புக்குரியது.

எனினும், அந்த ஆய்விற் பங்குபற்றியோர் நால்வரே. பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் நம்பிக்கை தருவன. ஆனால் எல்லோரும் ஒரே அளவிற் பயன்பெறவில்லை. வலப் பாதி சிலருக்குத் துணை செய்வதும் உண்டு என்பர் வேறு அறிஞர். அரிதாக வலிப்பு உண்டாகலாம். தலைக்குள் உலோகக் கருவி பொருத்தப்பட்டோர்க்கு இது பெரும்பாலும் ஏற்றதன்று. மனச்சோர்வு நோய்க்கு இம்முறைக் கருவியொன்றை ஐக்கிய அமெரிக்கா 2008 இல் அனுமதித்தது. மொழியிழப்பைப் பொறுத்தவரை இஃது இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது. ஆதலின், காந்தத்தாற் பேச்சை மீட்டுத் தருவோம் என்று உறுதி கூறிப் பணம் கேட்போரிடத்து எச்சரிக்கை வேண்டும்.

இவ்வாராய்ச்சிகளிலும் காந்தத் தூண்டலோடு பேச்சுப் பயிற்சி பெரும்பாலும் இணைக்கப்படுகின்றது. காந்தம் வழியைச் செம்மை செய்யலாம். அவ்வழியே நடந்து பழக வேண்டியவர் நோயாளியே. அப்பழக்கத்துக்குரிய இடம் வைத்தியசாலை மட்டுமன்று, வீடுமாகும்.

நேயர்களே, மொழியை இழந்தவர் அறிவை இழந்தவரல்லர். அவரைக் குழந்தையாக நடத்துவதும், அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றிப் பிறரிடம் பேசுவதும் கொடுமையாகும். சிறு வாக்கியங்களால் மெல்லப் பேசுங்கள். ஆம், இல்லை என்று விடையிறுக்கத்தக்க வினாக்களைக் கேளுங்கள். படத்தையும் சைகையையும் துணையாகக் கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் மேலாக, அவர் ஒரு சொல்லைத் தேடும்போது விரைந்து நீங்களே அதனைச் சொல்லிவிடாது, சற்றுப் பொறுத்திருங்கள். மொழியிழந்தோர்க்குக் காந்தச் சிகிச்சை என்று கைகூடும் என்பதை அறியோம். அப்பொறுமையையோ இன்றே அளிக்கலாம்.