முகத்தை அமைக்கும் அணுக்கள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தாய் வயிற்றில் கரு வளரும் நான்காம் வாரத்திற்கும் எட்டாம் வாரத்திற்கும் இடையே மனித முகத்தின் அடிப்படை உருவம் அமைகிறது. தாடையெலும்பாகவும் குருத்தெலும்பாகவும் பற்கூழாகவும் மாறும் உயிரணுக்கள் முகத்திற் பிறந்தவை அல்ல. மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரவிருக்கும் குழலின் விளிம்பில், நரம்பு முகடு என்னும் பகுதியில் தோன்றி, இடம் பெயர்ந்து வந்தவை. பிறந்த மண்ணை விட்டு வந்து, குடியேறிய ஊருக்கு உழைக்கும் நமக்கு இச்செய்தி வியப்பளிக்காது! முகத்தின் பகுதிகள் உரிய காலத்தில் இணையாவிடில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உண்டாகின்றன.

தலையின் குருத்தெலும்பு கருவின் இடைப்படையிலிருந்தே தோன்றும் என்பது அக்கால அறிஞர் கொள்கை. 1893-இல் ஜூலியா பிளாட் என்னும் அமெரிக்கப் பெண்மணி, நெக்டூரஸ் என்னும் நீர்வாழ் உயிரின் கருவை ஆராய்ந்து, அது புறப்படையிலிருந்து வருவதைக் கண்டு எழுதினார். அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். 1898-இல் செருமனியில் டாக்டர் பட்டம் பெற்றும் அவருக்குப் பல்கலைக்கழகப் பதவி கிட்டவில்லை. ஆராய்ச்சியைத் துறந்து கலிபோர்னியாவிற் குடியேறிய அவர், 1931-இல் பசிபிக் குரோவ் நகரின் மேயரானார்.

1940-களில் சுவீடன் நாட்டு ஹோர்ஸ்டாடியஸும் செல்மனும் செய்த சோதனைகள் அவர் கூற்றுக்கு அரண் செய்தன. பின்னர், பிரான்சு நாட்டு நிக்கோல் லெ டுவாரன் காடையின் உயிரணுக்களைக் கோழிக் கருவிற் பதித்து, அவை செல்லும் வழியையே காட்டினார். ஆனால் பிளாட் 1935-இலேயே மறைந்துவிட்டார்.

இன்று, மேல் ஈற்றெலும்பிற் பிளவுள்ள குழந்தைக்கு இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து வைத்து நிரப்புகின்றனர். ஒரு குறையைத் தீர்க்க இன்னோரிடத்திற் புண். அதைத் தவிர்க்க, எலும்பையே வளர்த்தெடுக்கும் வழியை இளம் ஆய்வாளர் நாடுகின்றனர். பற்கூழிலும் மூல உயிரணுக்கள் உண்டென்று 2000-இல் அறியப்பட்டது அவர்களுக்கு ஊக்கமளிக்கிறது.

ஆய்வுக்கூடங்களை நடத்தும் பெரியோர்களே, இளையோர் கண்டதைச் சோதித்துப் பார்த்தபின் தள்ளுங்கள், சோதியாமல் தள்ளாதீர்கள். இளைஞர்களே, நூலுக்கு மாறாயினும் கண்டதைக் கண்டவாறே குறித்து வையுங்கள். பெற்றோர்களே, ஆராய்ச்சியின் பலன் விரைந்து வராது. உங்கள் மக்களுக்குச் சில ஆண்டுகள் பொறுத்திருங்கள். ஓர் உண்மை அரை நூற்றாண்டு காத்திருக்கலாம். பிளவுற்ற உதட்டோடு பிறந்த குழந்தை காத்திருக்க இயலாது.

வாழ்க சங்கம்! வளர்க அறிவியல்!