கீழே தெரிந்தது மேலே ஏன் தெரியவில்லை?

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை. பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி மலருக்காக எழுதிக் கொடுத்தது.)



"தொழில் தலைமையும் தகவல் நிர்வாகமும்" என்று அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்து நானே கொஞ்சம் மிரண்டுதான் போனேன். நான் தேவிபட்டினத்துக்காரன். கடல் உணவு ஏற்றுமதித் தொழிலில் ஆயுசில் பாதியைக் கழித்தவன். எம்.பி.ஏ. புத்தகத்தை மேற்கோள் காட்டிப் பேச எனக்கு வராது. எனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன். எந்த நிறுவனத்திலும் கெட்ட செய்தி முதலில் கீழே இருப்பவருக்குத்தான் தெரியும். முடிவெடுக்கிறவரிடம் அது போய்ச் சேர வழி இருக்கிறதா, இல்லையா? அந்த வழியைப் போட்டுக் கொடுப்பது தலைவருடைய வேலை. வேறு யாராலும் அதைச் செய்ய முடியாது.

நம் கரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி என்ன ஆனது என்று இந்த மாவட்டத்துக் குழந்தைக்கும் தெரியும். தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் கிடைக்கவில்லை. முன்னால் என்ன நடக்கிறது என்று ஓட்டுநருக்குச் சொல்ல ஆளில்லை. வண்டியைக் கடல் கொண்டு போனது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்ததால், அப்படி ஒன்று நடந்தது என்கிற செய்தி வெளியே வரவே நாளாயிற்று. பாம்பன் பாலத்தில் இருந்த 145 கர்டர்களில் 126 விழுந்துவிட்டன. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியர் 46 நாளில் அதை மறுபடி நிறுத்தினார். அது தனிக் கதை. சங்கம் மறுபடி கூப்பிட்டால் இன்னொரு வருஷம் சொல்கிறேன்.

அன்றைக்குக் கம்பி அறுந்து போனது, செய்தி வரவில்லை. சரி. கம்பி அறுகாமல், எல்லோரும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் செய்தி சேராமல் போவதுண்டு. அதற்கும் நம் ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் சம்பந்தப்பட்ட உதாரணத்தையே எடுத்துக் கொள்கிறேன்.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டா. எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் சோதனை. நான்கு அடுக்கு, சுமார் 23 மீட்டர் உயரம், 17 டன் எடை. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். முதல் அடுக்கு ஒழுங்காக வேலை செய்தது. இரண்டாவது அடுக்கில் கட்டுப்பாடு போய்விட்டது. 317 வினாடியில் எல்லாம் முடிந்து ராக்கெட் கடலில் விழுந்தது.

இதற்கப்புறம் நடந்ததைத்தான் எல்லா மேடையிலும் சொல்வார்கள். தவான் பத்திரிகையாளர் கூட்டத்தைத் தானே எதிர்கொண்டார், தோல்வியைத் தன் தோளில் போட்டுக் கொண்டார். 1980 ஜூலை 18 அன்று ராக்கெட் வெற்றிகரமாகப் போய் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டபோது, "நீங்க போய்ப் பேசுங்க" என்று கலாமை அனுப்பினார். நல்ல தலைவருக்கு உதாரணமாக இதைச் சொல்லி, கைதட்டல் வாங்கி, பேச்சாளர் உட்கார்ந்து விடுவார். எனக்கு ஒரு குறை. ராக்கெட் ஏன் விழுந்தது என்று அவர்களில் பாதிப் பேர் சொல்வதே இல்லை.

விழுந்த காரணம் இது. இரண்டாவது அடுக்கைத் திசை திருப்பிப் பிடிக்க ஒரு எரிபொருளும், அதோடு சேர வேண்டிய ஒரு வகை நைட்ரிக் அமிலமும் வேண்டும். கிளம்புவதற்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது திறந்து மூட வேண்டிய ஒரு வால்வில் அழுக்குச் சேர்ந்து மூடாமல் நின்றுவிட்டது. அமிலம் வடிந்து போனது. மேலே போனபின் வேண்டிய நேரத்தில் எரிபொருள் மட்டும் வந்தது, அமிலம் இல்லை. கடைசி நிமிஷங்களில் இந்தக் கசிவு தெரிந்தே இருந்தது! கம்ப்யூட்டர் நிறுத்தச் சொன்னது. பக்கத்திலிருந்த வல்லுநர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, கையிருப்பு போதும், போகலாம் என்றார்கள். போனார்கள். பிறகு நடந்த ஆய்வுக் கூட்டத்தில் கலாமே எழுந்து, கசிவைச் சின்ன விஷயமென்று எடுத்துக் கொண்டது தன் தீர்மானம், பொறுப்பு தன்னுடையது என்று சொன்னார். இதை அவர் தன் வாழ்க்கை வரலாற்றிலும் எழுதியிருக்கிறார்.

ஆக, தகவல் இல்லாமல் தோற்கவில்லை. தகவல் அந்த அறைக்குள்ளேயே இருந்தது. எத்தனையோ வருஷ உழைப்பு, நாள் குறித்தாகிவிட்டது, எல்லோரும் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். அந்தச் சூழ்நிலையில் 'நிறுத்து' என்கிற செய்திக்கு எடை குறைந்து போகிறது, 'போகலாம்' என்கிறதற்கு எடை கூடிவிடுகிறது. இது மனுஷ சுபாவம்.

இப்போது தவானுடைய பத்திரிகையாளர் கூட்டத்தைத் திரும்பிப் பாருங்கள். பெருந்தன்மை என்று பாராட்டுகிறோம். பெருந்தன்மைதான். ஆனால் அது தகவல் நிர்வாகமும்கூட. அன்றைக்கு அவர் கலாமை முன்னால் தள்ளிவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆய்வுக் கூட்டத்தில் ஒருத்தராவது வாயைத் திறந்திருப்பாரா? வால்வைப் பார்த்தவர் வால்வு நன்றாகத்தான் இருந்தது என்பார், கணக்குப் போட்டவர் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார். யார் கழுத்துக்கும் கத்தி வரவில்லை என்பதால்தான் அழுக்குப் படிந்த ஒரு வால்வு வரைக்கும் போய் உண்மையைத் தொட முடிந்தது. பதினோரு மாதத்தில் அடுத்த ராக்கெட் போனதற்கு அதுதான் அஸ்திவாரம் என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவில் வேறு மாதிரி ஆயிற்று. 1986 ஜனவரி 28, சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 வினாடியில் உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். குளிரில் ரப்பர் வளையம் இறுகிவிடும், நாளைக்கு அனுப்பாதீர்கள் என்று ராக்கெட் செய்து கொடுத்த கம்பெனியின் இன்ஜினியர்கள் முந்தின ராத்திரியே வாதாடினார்கள். அந்தக் கம்பெனி நிர்வாகமே கடைசியில் அவர்கள் பேச்சைத் தள்ளிவிட்டுச் சம்மதக் கையெழுத்துப் போட்டது. நாசாவில் கடைசி முடிவெடுத்தவர்களுக்கு இப்படி ஒரு ஆட்சேபணை இருந்ததே தெரியாது என்று விசாரணைக் குழு கண்டது. கீழே ஒருத்தர் கத்துகிறார், நடுவில் ஒருத்தர் கதவைச் சாத்துகிறார், மேலே இருப்பவர் எல்லாம் நலம் என்று நினைத்துக் கொண்டிருக்கிறார்.

ராக்கெட் எல்லாம் பெரிய இடத்து விஷயம் என்று நினைப்பீர்கள். என் தொழிலுக்கு வருகிறேன். நண்டுச் சதை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். வெளிநாட்டுத் துறைமுகத்தில் அவர்களுடைய ஒரு கண்டெய்னரைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். காரணம் பார்த்து வரும்படி என்னை அனுப்பினார்கள். குளிர் அறையின் வெப்பநிலையை இரண்டு மணிக்கு ஒருமுறை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். எழுதியிருந்தார்கள். மாசக் கணக்கில் 2, 2, 2 என்று ஒரே நம்பர், ஒரே பேனா, ஒரே சாய்வு. அறையின் வெப்பநிலை அப்படி இருக்காது. கதவைத் திறந்தாலே ஏறும்.

ஷெட்டுக்குள் போய்ச் சதை பிரிக்கிற பெண்களோடு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஊர்க்கதை பேசினபிறகு ஒரு அம்மா சொன்னார்: "சார், மத்தியானம் கரண்டு போனா மெஷினு நின்னுரும். ஜெனரேட்டருக்கு டீசல் கணக்குப்பிள்ளை ரூம்ல பூட்டிக் கெடக்கும். அவரு சாப்ட்டு வர்ற வரைக்கும் அப்படியேதான்." எத்தனை நாளாக என்றேன். "சித்திரையிலேர்ந்து." யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டதற்கு, "எங்கள்ட்ட யாரு சார் கேட்டா?" என்றார்.

சூப்பர்வைசரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். நல்ல பையன். முதல் தடவை உள்ளபடி 7 என்றுதான் எழுதியிருக்கிறான். முதலாளி ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, "எனக்குக் காரணம் வேண்டாம், ரெண்டுதான் வேணும்" என்று சத்தம் போட்டிருக்கிறார். அன்றைக்கிலிருந்து அவர் கேட்ட ரெண்டு அவருக்குக் கிடைத்துக் கொண்டே இருந்தது. சரக்கு போனது, பணம் போனது. ஷெட் மூன்று மாசம் அரை நாள்தான் ஓடியது. அந்த மூன்று மாசக் கூலியை இழந்தவர்கள் யார்? விஷயம் முதலிலிருந்தே தெரிந்திருந்த அந்தப் பெண்கள்தான். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். வேலை ஓடும்போது எந்தத் தொழிலாளி தப்பைக் கண்டாலும் கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடி வருவார். அந்த இடத்திலேயே சரிசெய்ய முடியாவிட்டால் முழு வரிசையும் நின்றுவிடும். நிறைய நாடுகளில் அந்தக் கயிற்றை வாங்கி மாட்டிக் கொண்டார்கள். இழுத்தவனைத் திட்டாமல் இருக்க மட்டும் பழகவில்லை. அப்புறம் கயிறு சும்மா தொங்கியது.

இது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. எங்கள் ஊரில் வள்ளத்தில் போகும்போது அணியத்தில் நிற்கிற சின்னப் பையன் "கல்லு!" என்று கத்தினால் பின்னால் இருக்கிறவர் சுக்கானைத் திருப்பிவிட்டுத்தான் மறுபேச்சு பேசுவார். கத்தினது யார், அவன் எத்தனை வருஷம் கடலுக்கு வந்தவன் என்றெல்லாம் அப்போது கேட்க மாட்டார். கரைக்கு வந்தபின் அவர் சம்மாட்டி, இவன் கூலியாள். கடலில் ஆபத்து என்றால் அந்த வரிசை கிடையாது. கரையில் ஆபீஸ் கட்டி, ஏ.சி. போட்டு உட்கார்ந்ததும் நாம் மறந்துபோன பழக்கம் இது.

எங்கள் நவபாஷாணத்தையும் சொல்ல வேண்டும். எல்லோரும் பரிகாரத்துக்கு வருவார்கள். நாங்கள் சின்ன வயசில் அந்த ஒன்பது கல்லும் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்த்து, கடல் ஏறுகிறதா வற்றுகிறதா என்று சொல்வோம். அதை யாரும் ரிஜிஸ்டரில் மாற்றி எழுத முடியாது. நான் பிற்பாடு பொறுப்பிலிருந்த இடத்தில் குளிர் அறைக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி பெரிய டிஜிட்டல் வெப்பமானி மாட்ட வைத்தேன். அந்த யோசனை தேவிபட்டினத்துக் கடலில் வந்ததுதான்.

இன்னொரு சங்கதி. செய்தி போகிற வழி தினமும் புழங்குகிற வழியாக இருக்க வேண்டும். புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு என்று மீனவக் கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே தகவல் மையம் வைத்து, மீனவர்களுக்கு வேண்டிய விவரங்களை ஒலிபெருக்கியில் சொல்லிக் கொண்டிருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரிலிருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் டி.வி.யில் சுனாமிச் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜனங்கள் ஓடித் தப்பினார்கள். அனுமதிக் கடிதம் யாரும் கேட்கவில்லை. அதைவிட முக்கியம், அந்தக் குழாய் தினமும் பயனுள்ளதைச் சொல்லி வந்ததால் ஜனங்கள் அதை நம்பினார்கள். பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காகவே ஒலிபரப்பி வரும் 'கடல் ஓசை' சமுதாய வானொலிக்கும் இந்த மதிப்பு உண்டு. இதற்கு நேர்மாறு நம் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப். காலை வணக்கமும் பிறந்தநாள் கேக்கும் நானூறு வந்த இடத்தில் 'கம்ப்ரசர் சத்தம் வேறு மாதிரி வருது' என்கிற ஒரு வரியை யார் பார்ப்பார்கள்? தகவல் கூடக் கூடச் செய்தி குறைகிறது.

பேச்சு முடிந்ததும் மூன்றாம் ஆண்டுத் தங்கை ஒருவர் கேட்ட கேள்வியையும் இங்கே சேர்க்கிறேன். "வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகுதுன்னு வைங்க அண்ணே, நான் சொன்னா யார் கேப்பாங்க? சொல்லி வேலை போச்சுன்னா?" நியாயமான பயம். தைரியமாக இரு என்று சும்மா சொல்ல நான் தயாராக இல்லை. வீட்டு நிலைமை என்ன என்பது அவரவருக்குத்தான் தெரியும். ஒன்று செய்யலாம். கண்ணால் பார்த்தது தனி, நாமாக நினைக்கிறது தனி என்று பிரித்து, தேதி போட்டு, அரைப் பக்கத்துக்குள் எழுதி, கேட்க வேண்டியவரிடம் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். சேலஞ்சர் விபத்துக்கு ஆறு மாசம் முன்னால், 1985 ஜூலை 31 தேதியிட்டு, ரோஜர் போய்ஸ்ஜாலி என்ற இன்ஜினியர் அந்த ரப்பர் வளையத்தைப் பற்றித் தன் நிர்வாகத்துக்கு எழுதி வைத்திருந்தார். அது விண்கலத்தை நிறுத்தவில்லை. ஆனால் விசாரணைக் குழு உட்கார்ந்தபோது, முன்கூட்டியே யாருக்கும் தெரியாது என்று ஒருத்தராலும் சொல்ல முடியாதபடி அந்தத் தாள் மேஜையில் இருந்தது.