வானத்தில் கற்ற தொழில் மண்ணில் வீணாகலாமா?

(ஜூபிலி விழாவை முன்னிட்டு நடைபெற்ற முன்னாள் விமானப்படையினர் குடும்பக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் காலத்தில் பாராட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. எனவே இன்று நாம் பாராட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், உங்கள் வீடுகளில் இரவு உணவுக்குப் பின் கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். "படையை விட்டு வந்தாயிற்று, அடுத்து என்ன வேலை?" இதுதான் அந்த விஷயம். குறிப்பாக, விமானங்களின் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்த்து வந்தவர்களை மனத்தில் கொண்டு பேசுகிறோம்.

பதினேழு வயதிலிருந்து இருபத்தொரு வயதுக்குள் படையில் சேர்ந்த இளைஞர் 20 ஆண்டு ஒப்பந்தத்தை முடித்து வெளியே வரும்போது அவருக்கு நாற்பது வயதை ஒட்டியிருக்கும். மூத்த பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்திருக்கும். பெற்றோர் முதுமை அடைந்திருப்பர். வீட்டுக் கடன் பாதியில் நிற்கும். ஓய்வூதியம் வருகிறது என்பது உண்மையே. ஆனால் நாற்பது வயது ஓய்வெடுக்கும் வயதா? இன்னும் இருபது ஆண்டு உழைக்கத் தெம்புள்ள மனிதனை 'ஓய்வு பெற்றவர்' என்று அழைப்பது பெயரளவில்தான் பொருந்தும்.

அப்படி வருகிறவர்களுக்கு ஊரில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் காவல் பணி. 1986-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் எத்தனையோ முன்னாள் படைவீரர் குடும்பங்களில் அடுப்பெரியச் செய்திருக்கிறது. காவல் பணி இழிவானதன்று. நேர்மையாகச் செய்யும் எந்தப் பணியும் இழிவானதன்று. ஆனால் ராடாரையும் வழிகாட்டிக் கருவிகளையும் பழுது நீக்கிய கை, வேறு வழி தெரியாத ஒரே காரணத்தால் வங்கி வாசலில் பதிவேடு புரட்டிக்கொண்டிருக்குமானால், அது அந்த மனிதருக்கு மட்டுமன்றி நாட்டுக்கும் நஷ்டம். அவரைப் பயிற்றுவிக்க நாடு செலவிட்ட காலமும் பொருளும் கொஞ்சமல்ல.

'ஏவியானிக்ஸ்' என்பது விமானத்தையும் மின்னணுவியலையும் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களை இணைத்து உண்டாக்கிய சொல். விமானியின் வானொலி, உயரமும் வேகமும் காட்டும் கருவிகள், ராடார், தானியங்கி ஓட்டுமுறை, இவற்றை இணைக்கும் கம்பிகளும் கணினிகளும் யாவும் அதில் அடங்கும். பெங்களூர் ஜாலஹள்ளியில் இத்தொழிலைப் பயின்று, பல விமானத் தளங்களில் கைப்பழக்கம் பெற்று வந்தவர்கள் நீங்கள்.

"ஃபாதர், நாங்கள் வேலை பார்த்த விமானமே இப்போது இல்லையே" என்று சிலர் சொல்லக்கூடும். மெய்தான். 1963-ஆம் ஆண்டில் நம் படையில் சேர்ந்த மிக்-21 விமானம் 2025 செப்டம்பர் 26-ஆம் நாள் சண்டீகரில் விடைபெற்றது. அதன் கருவிகளை மனப்பாடமாக அறிந்தவருக்கு அந்த அறிவு நேரடியாகப் பயன்படும் இடம் இனி இல்லை. ஆனால் அவர் கற்றது அது மட்டுந்தானா? மின்சுற்று வரைபடத்தைப் படிப்பது, பழுதைப் படிப்படியாக நெருக்கிப் பிடிப்பது, ஊகத்தால் பாகத்தை மாற்றாமல் அளந்து பார்த்து முடிவு செய்வது, செய்ததை எழுதிக் கையெழுத்திடுவது ஆகிய நான்கும் எந்த விமானத்தோடும் ஓய்வு பெறுவதில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். படை விமானங்கள் பலவற்றில் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது 1553-பி என்ற தரமுறைப்படி. அதில் ஒரே தலைமைக் கருவி கட்டளையிடும். அதற்குக் கீழே 31 கருவிகள் வரை கேட்டதற்குப் பதில் சொல்லும். பயணிகள் விமானங்களில் பரவலாக உள்ள ஏரிங்க்-429 முறையில், ஒரு கருவி பேசும். 20 கருவிகள் வரை கேட்கும். கேட்பவை அதே கம்பியில் திரும்பிப் பேசமாட்டா. முன்னதை அறிந்தவர் பின்னதைச் சில வாரங்களில் புரிந்துகொள்ளலாம். இரண்டையும் அறியாதவருக்கோ அடிப்படையிலிருந்தே தொடங்க வேண்டும். உங்கள் இருபது ஆண்டின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் தடை எங்கே? 'சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்' என்பார்கள். உங்கள் சட்டியில் நிறையவே இருக்கிறது; அகப்பைதான் கையில் இல்லை. சிவில் விமானத் துறையில் அந்த அகப்பையின் பெயர் லைசென்ஸ். பயணிகள் விமானத்தைப் பழுதுபார்த்து, 'பறக்கத் தகுதியானது' என்று கையெழுத்திட வேண்டுமானால் டி.ஜி.சி.ஏ. வழங்கும் பராமரிப்புப் பொறியாளர் லைசென்ஸ் தேவை. அதில் பி-1 பிரிவு உடற்பகுதிக்கும் எஞ்சினுக்கும் முதன்மையானது. பி-2 பிரிவு உங்களுடையது, ஏவியானிக்ஸ். மின்சாரம், மின்னணுவியல், டிஜிட்டல் கருவிகள், மனிதக் காரணிகள், விமானச் சட்டம் என்று பாடம் பாடமாகத் தேர்வு. தேர்ச்சிக்கு நூற்றுக்கு 75 வேண்டும். பள்ளித் தேர்வு போல் 35 எடுத்துத் தப்பிவிட முடியாது. படையில் பெற்ற அனுபவத்தை விதிகள் ஏற்றுக்கொள்கின்றன. எனினும் சிவில் விமானப் பராமரிப்பிலும் கூடுதலாகச் சில காலம் பணிபுரிந்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன.

ஏன் அப்படிக் கேட்கின்றன? இரண்டு இடங்களின் ஒழுங்கும் வேறு என்பதால்தான். படையில் எஃப்-700 பதிவேட்டில் எழுதினீர்கள். மேலே அதிகாரிகள் வரிசையாக இருந்தார்கள். சிவில் துறையில் லைசென்ஸ் உள்ளவர் இடும் கையெழுத்தின் பொறுப்பு அவருடைய தலைமேலேயே நேராக விழுகிறது. எந்தக் கருவி பழுதானாலும் விமானம் பறக்கலாம், எத்தனை நாளுக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதற்கும் அங்கே எழுதப்பட்ட பட்டியல் உண்டு. "விமானம் புறப்பட வேண்டும், சீக்கிரம்" என்று நிர்வாகி நெருக்கும்போது, பட்டியலைப் பார்த்து "முடியாது" என்று அமைதியாகச் சொல்லும் துணிவு வேண்டும். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தே பழகியவருக்கு இந்தத் துணிவு தானாக வந்துவிடாது.

இனி, நடைமுறைக்கு வருவோம்.

முதலாவது, படையிலிருந்து வெளிவரும் நாளுக்காகக் காத்திராமல் இரண்டு மூன்று ஆண்டு முன்னதாகவே படிப்பைத் தொடங்குங்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள மறுவாழ்வுத் தலைமை இயக்ககம் விடைபெறுவோருக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. கதவைத் தட்டாதவருக்கு அதிகாரி வீடு தேடி வரமாட்டார்.

இரண்டாவது, காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். முடித்த பயிற்சிகளின் சான்றிதழ்கள், எந்த வகைக் கருவியில் எத்தனை ஆண்டு, எந்த நிலையில் பணிபுரிந்தீர்கள் என்ற விவரம் எல்லாம் கையில் இருக்கட்டும். வெளியே வந்தபின் பழைய தளத்துக்குக் கடிதம் எழுதிப் பெறுவது பெரும்பாடு.

மூன்றாவது, உங்கள் அனுபவத்தைச் சிவில் மொழியில் எழுதப் பழகுங்கள். 'கார்ப்பரல்', 'சார்ஜென்ட்' என்ற பதவிப் பெயரிலிருந்து, பத்துப் பேர் கொண்ட குழுவை நடத்தினீர்கள் என்பதைத் தனியார் நிறுவனத்தார் ஊகித்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள்தான் எழுத வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: 1923-ஆம் ஆண்டின் அரசாங்க ரகசியச் சட்டம் படையை விட்ட பிறகும் உங்களைக் கட்டுப்படுத்தும். திறமையைச் சொல்லுங்கள், ரகசியக் கருவிகளின் விவரத்தைச் சொல்லாதீர்கள். எதை மறைக்க வேண்டும் என்று அறிந்தவரை நல்ல நிறுவனம் கூடுதலாகவே மதிக்கும்.

நான்காவது, விமானம் ஒன்றே வழி என்று எண்ண வேண்டாம். லைசென்ஸ் படிப்பு எல்லாருடைய குடும்பச் சூழ்நிலைக்கும் ஒத்துவராது. மருத்துவமனைகளின் ஸ்கேன் கருவிகள், மெட்ரோ ரயிலின் சிக்னல் முறைகள், மின் நிலையங்களின் கட்டுப்பாட்டு அறைகள், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகங்கள் ஆகிய யாவும் பழுதை அளந்து கண்டுபிடிக்கும் ஆட்களுக்காகக் காத்திருக்கின்றன. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து இடங்களை இணைத்து 2019-இல் தொடங்கிவைக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தையும் கவனியுங்கள்.

ஐந்தாவது, இதைச் சற்றுத் தயக்கத்தோடுதான் சொல்கிறோம்: கௌரவம். புதிய இடத்தில் உங்கள் மேலாளர் இருபத்தாறு வயதுப் பையனாக இருக்கலாம். முதல் சம்பளம் நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கலாம். தங்கையின் கணவர் அதைக் கேட்டுச் சிரிக்கவும் கூடும். இரண்டு ஆண்டு பொறுத்துக்கொண்டால் மாணவனாகத் தொடங்கியவர் ஆசானாக நிற்கலாம். இல்லத்தரசிகளே, அந்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் கணவர் மேசை விளக்கின் கீழ் பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், "இந்த வயதில் படிப்பா?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு சொல் அவரைப் புத்தகத்தை மூடவைத்துவிடும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 2022-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி படைச் சேவை நான்கு ஆண்டு. முடிவில் நூற்றுக்கு 25 பேர் வரையே நிரந்தரமாக்கப்படுவர் என்பது அறிவிப்பு. மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை; சேவாநிதி என்ற பெயரில் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் மட்டுமே. தந்தைக்குக் கிடைத்த இருபது ஆண்டு மகனுக்கு இல்லை. எனவே பயிற்சிக் கூடத்துக்குள் நுழையும் முதல் நாளே, "இங்கிருந்து எந்தத் தொழிலோடு வெளியே போவேன்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்கும் தொகையை மோட்டார் சைக்கிளிலும் கல்யாணச் செலவிலும் கரைத்துவிடாமல், ஒரு பங்கையாவது படிப்புக்கு ஒதுக்குங்கள்.

நிறைவாக, நம் பங்கு என்ன செய்யலாம்? பண உதவியைவிட மேலான ஒன்று நம்மிடம் இருக்கிறது. இத்துறையில் முன்னே போனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். லைசென்ஸ் பெற்றவர் ஒருவர், தேர்வில் இருமுறை தவறி மூன்றாம் முறை வென்றவர் ஒருவர், மருத்துவமனைக் கருவித் துறைக்கு மாறியவர் ஒருவர் என்று மூவர் முன்வந்தால் போதும். மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் பங்கு மன்றத்தின் கதவு திறந்திருக்கும். கரும்பலகையும் விளக்கும் தேநீரும் நம் பொறுப்பு. பழைய புத்தகங்கள் அலமாரியில் தூசி படியாமல் கைமாறட்டும்.

ஜூபிலி ஆண்டில் நாம் எழுப்பும் வளைவும் தோரணமும் சில நாளில் இறக்கப்பட்டுவிடும். இக்கூட்டத்தின் பயனாக ஒரே ஒரு குடும்பத் தலைவர் தாம் கற்ற தொழிலுக்கே திரும்புவாரானால், இந்த ஜூபிலி நெடுநாள் நிலைத்திருக்கும். வரும் மாதம் முதல் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குப் பங்கு மன்றத்தில் சந்திப்போம். வரும்போது உங்கள் சான்றிதழ்களையும் எடுத்து வாருங்கள்.