அலையைக் கண்ட பிள்ளைகள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டை நீரில் நின்றதை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாட்களில் அரிசி, போர்வை, ரொட்டி என்று ஓடியாடி வழங்குகிறோம். அல்ஹம்துலில்லாஹ். தண்ணீர் வடிந்ததும் நம் வேலையும் முடிந்துவிடுகிறது. ஆனால் நம் மக்தபுக்கு வரும் ஒரு சிறுவன், இன்றும் மழை தூறினால் புத்தகப் பையைப் பரண்மீது ஏற்றி வைத்துவிட்டுத்தான் உறங்குகிறான் என்று அவன் தாயார் கூறினார். அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன வழங்கினோம்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டு சென்றது. அவற்றுள் சுமார் 6,000 நாகை மாவட்டத்தைச் சேர்ந்தவை. அன்று பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், திருமண விருந்துக்கெனச் சமைத்த உணவைக் கரையோர மீனவ மக்களுக்கு எடுத்துச் சென்றதை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். பசி அடங்கிற்று, பிள்ளைகளின் அச்சம் அடங்கவில்லை.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் அப்போது ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி அளித்தனர். சித்திரம், களிமண், பொம்மை, கதை, விளையாட்டு ஆகியவையே அவர்கள் கொடுத்த கருவிகள். இதன் காரணம் எளியது. பெரியவர் துயரை வாயால் சொல்லி அழுது ஆற்றிக்கொள்கிறார். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதற்குரிய சொற்கள் இல்லை. கையில் வண்ணக்கோலைக் கொடுத்தால் தென்னையை விட உயரமாக அலையை வரைகிறது. மறுபடி மறுபடி அதையே வரையும். மணலில் வீடு கட்டி, தானே அலையாகி இடிக்கும். "இது என்ன அபசகுனம்!" என்று நாம் அதட்டுகிறோம், அதட்டக்கூடாது. தன்னை மிரட்டிய ஒன்றைத் தன் கைக்குள் அடக்கப் பிள்ளை முயல்கிறது. வரையச் சொல்லி வற்புறுத்துவதும் தவறு. வரைந்ததற்கு நாமாகப் பொருள் சொல்வதும் தவறு. அருகில் அமர்ந்து கேட்டால் போதும். கதையின் முடிவில் ஒரு படகோ, ஓர் அண்டை வீட்டாரோ வந்து சேரும் நாள் ஒன்று வரும்.

இலங்கையின் மட்டக்களப்பில் 1996 இல் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் தொடங்கப்பட்டது. கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும், அருட்தந்தை பால் சற்குணநாயகமும் அதற்கு முன்னின்றவர்கள். போரில் அடிபட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கு ஒன்றாக அமர்ந்து களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் நடித்தார்கள். பெரியவர்கள் ஒருவரையொருவர் ஐயத்துடன் நோக்கிய காலம் அது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கரையையும் ஆழிப்பேரலை தாக்கியது.

இது ஏதோ புதிய நாகரிகம் என்று எண்ண வேண்டாம். அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர், தாம் வளர்த்த சிறு பறவை இறந்ததால் வாடியிருந்தார். நபி (ஸல்) அவர்கள் அந்தக் குழந்தையிடம் பறவையைப் பற்றியே அன்புடன் விசாரித்தார்கள். சிறிய துயரம் என்று ஒதுக்கவில்லை. கதையைப் பற்றிச் சொல்வதானால், யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நமக்கு இருக்கிறது. கிணற்றில் தள்ளப்பட்ட ஒரு சிறுவன் இறுதியில் தன் தந்தையைச் சேர்கிறான். இதைவிட வேறு எந்தக் கதையைத் தேடப் போகிறோம்?

உருவம் வரைவது பற்றிச் சிலர் தயங்கக்கூடும். மார்க்கத் தீர்ப்பை ஹஜ்ரத் அவர்களிடமே விடுகிறேன். அலை, படகு, வீடு, மரம் ஆகியவற்றை வரைவதைப் பெரும்பாலான அறிஞர்கள் தடுப்பதில்லை. ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகளுடன் விளையாடியதை நபியவர்கள் தடுக்கவில்லை என்பதும் ஹதீஸில் உள்ளது.

பெரும்பாலான பிள்ளைகள் வீட்டாரின் அரவணைப்பிலேயே தேறிவிடுவார்கள். ஒரு மாதம் கடந்தும் உறக்கமின்றி அலறினாலோ, பேச்சைக் குறைத்துக்கொண்டாலோ கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம். மனநோய் என்ற பெயர் பற்றிவிடுமே என்று பிள்ளையை வீட்டில் பூட்டுவது பெரும் அநீதி.

என் வேண்டுகோள் ஒன்றே. நிவாரண நிதியில் சிறு பகுதியை வண்ணக்கோலுக்கும் தாளுக்கும் ஒதுக்குங்கள். அடுத்த பருவமழைக்கு முன் நம் சகோதரிகளில் நால்வராவது இதற்கு முன்வரட்டும். அஸர் தொழுகைக்குப் பின் மக்தப் அறை காலியாகத்தான் இருக்கிறது. இத்தீர்மானத்தை இன்றே எடுத்துக்கொள்ளுமாறு தலைவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். வஸ்ஸலாம்.